இரட்டைமடி

தடைக்காலத்தின் பதினோராம் நாள்.
மண்டபம் முழுக்கக் கரையேறிய படகுகளின்
பெயிண்ட் வாசம்.
ஒரு டவரைக் கைக்குழந்தைபோல் ஏந்தி
கடைக்குள் வந்தார்கள்
லிகோரியும் டென்சிலும்.
"ஓடுதுக்கா. ஓடி ஓடி நிக்குது."

கார்டு லிகோரி வாங்கியது.
இறால் நல்ல விலை போன தை மாசம்
மதுரைக்குப் போய், பேரம் பேசாமல்,
மூன்று விசிறி வைத்த புதுசு.
ப்ராசஸர் டென்சிலுடையது;
அதாவது, அவன் தங்கை ஜெனிலாவின் கம்ப்யூட்டரிலிருந்து
போர்டோடு கழற்றியது.
ஏழு வருசப் பழசு.
இரண்டு பேருக்கும் ஒரே பெட்டி, ஒரே நாற்காலி,
ஆளுக்கு ஒரு மணி நேரம்.

மூடியைத் திறந்தேன்.
மூன்றே மாதத்தில் திருகெல்லாம் துரு.
இந்த ஊர்க் காற்று
இரும்பை நக்கி நக்கியே தின்றுவிடும்.
தூசி ஊதினேன், பசை மாற்றினேன்,
ஆட்டத்தை ஓடவிட்டு
திரையோரம் இரண்டு எண்களை வரவழைத்தேன்.

ப்ராசஸர் நூற்றுக்கு நூறு.
கார்டு முப்பத்தெட்டு.

"பாரு, என் கார்டு சும்மா நிக்குது" என்றான் லிகோரி.

யார் எங்கே ஓட வேண்டும்,
எந்தச் சுவரில் குண்டு பட வேண்டும்,
ஒவ்வொரு படத்துக்கும் கணக்கு போட்டு முடித்தால்தான்
வரைகிறவனுக்கு வேலை,
அதுவரை அவன் தூரிகையும் கையுமாக...
என்று நான் ஆரம்பிப்பதற்குள்
டென்சில் சொல்லிவிட்டான்:
"இரட்டைமடி."

சொன்ன பிறகு வாசலைப் பார்த்தான்.
மீன்துறை ஜீப் எதுவும் இல்லை.
"ரெண்டு போட்டு, ஒரே மடி.
ஒருத்தன் முந்துனா வாய் கோணிக்கிடும்.
உள்ள கிடக்குற மீனும் வெளிய போயிரும்."
"நீ எப்படா போன?"
"கேள்விப்பட்டதுக்கா."
லிகோரி தன் கால்விரல்களை எண்ணிக்கொண்டிருந்தான்.

புது ப்ராசஸர் இந்தப் போர்டில் உட்காராது.
போர்டு மாற்றினால் ரேம் மாற்ற வேண்டும்.
நிவாரணப் பணமோ இன்னும் ஏறவில்லை.

சரி, வேகத்தை விடு.
ஐம்பது ஃப்ரேமுக்கு மேல் போகாதே என்று
ஒரு கட்டுப் போட்டேன்.
ரெசல்யூஷனைத் தூக்கினேன்.
நிழல், புல், தண்ணீரில் விழும் வெளிச்சம்,
எல்லாவற்றையும் உச்சத்தில் வைத்தேன்.
சும்மா நிற்கிறவன் சுமக்கட்டும்.

கார்டு தொண்ணூற்றொன்று.
ஃப்ரேம் ஐம்பதிலேயே நின்றது;
நொண்டவில்லை.
திரையில் ஒரு கடல் வந்தது.
சற்றுமுன் சாம்பல் தகடாகக் கிடந்ததே,
அதே கடல்.

இரண்டு பேரும் ஆட்டத்தை மறந்துவிட்டார்கள்.
"அலை இப்படி மடங்காதுடா."
"சோளகத்துல மடங்கும்."
"சோளகத்துல நுரை இந்தப் பக்கமா வரும்?"
துப்பாக்கியோடு அவர்களுடைய ஆள்
முழங்கால் தண்ணீரில் நின்று
இரண்டு முறை செத்தான்.

இன்னொரு ஆட்டம் போட்டால்
இந்தக் கணக்கு செல்லாது என்றேன்.
கூட்டம் நிறைந்த தெரு வந்தால் இவன் திணறுவான்,
மழையும் கண்ணாடியும் வந்தால் அவன்.
கேட்ட மாதிரி தெரியவில்லை.

கூலி நானூறு. ஆளுக்குப் பாதி.
லிகோரியிடம் இருநூறு தாள் இருந்தது.
டென்சில் சட்டைப்பையில், பிறகு கால்சட்டைப்பையில்,
பிறகு போன் உறைக்குள் தேடினான்.
அவன் கையைப் பார்க்காமலிருக்க
லிகோரி
தெருவில் காய்ந்துகொண்டிருந்த வலையை
வெகுநேரம் பார்த்தான்.

"ஜெனிலா இப்ப எதுல படிக்குது?"
கேட்டிருக்க வேண்டாம்.
"போன்லக்கா" என்றான் டென்சில்,
இருபது ரூபாய்த் தாள்களை நீவிக்கொண்டே.

ஆளுக்கொரு முனை பிடித்துப் பெட்டியைத் தூக்கினார்கள்.
படியிறங்கும்போது லிகோரியின் பக்கம்
ஒரு எட்டு முந்திப்போய்
நின்றது.